ஆதாரமற்றது என்று எழுதியிருந்தார்கள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான், இவள், அம்மா மூன்று பேரும் நன்றாகத்தான் இருக்கிறோம். உன் முதுகுவலி தேவலையா? மாமா டீயில் சர்க்கரையைக் குறைத்தாரா, இல்லை உனக்குத் தெரியாமல் ஆபீஸில் குடிக்கிறாரா?

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் சண்டையில்தான் முடிப்போம். போதாததற்கு, போன் அம்மா அறையில் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

யாரோ ஒரு புண்ணியவான் முதியோர் நல அலுவலகத்துக்குப் பெயர் போடாமல் மனு அனுப்பியிருக்கிறான். நானும் இவளும் வேலைக்குப் போகும்போது அம்மாவை அறைக்குள் அடைத்துவிட்டுப் போகிறோமாம். எப்படி இருக்கிறது கதை? உண்மை என்று முடிவானால் அம்மாவைக் கொண்டுபோய்க் காப்பகத்தில் விட்டுவிடுவார்களாம். ஓர் அதிகாரி அம்மாள் வந்து அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அம்மாவிடமும் பேசினாள். அம்மாவுக்குத்தான் இன்னும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பதாக நினைப்பாயிற்றே. "ஷிஃப்டுக்கு நேரமாச்சு, அப்புறம் வாங்க" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

இப்போது பதில் வந்திருக்கிறது. இங்கிலீஷில். புகார் 'அன்ஃபவுண்டட்' என்று ஒரு வரி. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை என்று அர்த்தமாக இருக்கும் என்கிறாள் இவள். அப்படியானால் மறுபடி தேட வருவார்களா? லிஃப்ட் ரிப்பேர்காரனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? அகராதி ஆபீஸில் உட்கார்ந்து சொல் சொல்லாகப் பார்க்கிறவள் நீதான். சரியாக என்ன பொருள் என்று எழுது.

அன்புடன்,
தம்பி


ஜனவரி 17

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். முதுகுவலி இருக்கிறது, நானும் இருக்கிறேன். மாமா சர்க்கரையை விட்டுவிட்டதாகச் சொல்கிறார். அம்மா மத்தியானம் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? யார் எடுத்துக் கொடுக்கிறீர்கள்?

அந்தச் சொல்லுக்குப் பொருள் 'ஆதாரமற்ற' என்பது. எங்கள் அகராதியில் போன வருஷம் நான்தான் அதைச் சரிபார்த்தேன். உன் வீட்டுக்காரி நினைப்பது தப்பு. பார்த்தோம், உறுதியாகவில்லை என்று சொல்ல வேறு சொல் இருக்கிறது. அது வந்தால் கொஞ்சம் சந்தேகம் மிச்சம் இருக்கும். உங்களுக்குக் கொடுத்திருப்பது மிச்சமே வைக்காத சொல். சொன்னதற்கு அடியில் ஒன்றுமே இல்லை என்று பொருள். குற்றச்சாட்டு, வதந்தி, பயம், சந்தேகம், இந்த மாதிரி ஆட்களோடுதான் அது சேர்ந்து வரும். நல்ல சங்கதியோடு சேர்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. ஆக, நீங்கள் தப்பித்தீர்கள்.

ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். அந்தச் சொல் புகாரைப் பற்றித்தான் பேசும். போனவர்கள் ஒழுங்காகப் பார்த்தார்களா என்பதைச் சொல்லாது. அந்த அம்மாள் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு வந்தாளா? அன்றைக்கு வீட்டில் யார் யார் இருந்தீர்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஆசிகளுடன்,
அக்கா


ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்கவேண்டும். மாமாவுக்கும் என் அன்பு. அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், நடுவில் எல்லாருக்கும் கனெக்‌ஷன் கொடுக்கிறாள்.

உன் கடிதத்தைப் படித்ததும் என் மார்பு இரண்டு அங்குலம் அகன்றது. அவர்கள் அனுப்பிய தாளை ஜெராக்ஸ் எடுத்து, கீழே நீ எழுதிய பொருளைத் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதி, படிக்கட்டுப் பக்கத்து நோட்டீஸ் பலகையில் ஒட்டிவிட்டேன். 'அடியில் ஒன்றுமே இல்லாத புகார். பொருள் சொன்னவர் அகராதி அலுவலகத்தில் பணிபுரியும் என் அக்கா' என்று உன்னையும் போட்டேன். கட்டடத்தில் இருக்கிற எல்லாரும் நின்று படித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

மனு எழுதியது யார் என்றும் தெரிந்துவிட்டது. கீழே கடை வைத்திருக்கும் டைலர்தான். நாங்கள் எத்தனை மணிக்குப் போகிறோம், எத்தனை மணிக்கு வருகிறோம் என்று மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அம்மா ஜன்னலில் நின்று கூப்பிட்டால் மேலே ஏறி வந்து ஏதாவது பேச்சுக் கொடுப்பார். எதற்கு இவ்வளவு அக்கறை என்று அப்போதே யோசித்திருக்கவேண்டும், இளிச்சவாயனாக இருந்துவிட்டேன். அவர் கடை வாசலிலேயே நின்று, இனி எங்கள் படியில் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். மனுஷன் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. குற்றமில்லாதவன் கோபப்பட மாட்டானா?

அந்த அம்மாள் போன் பண்ணிவிட்டுத்தான் வந்தாள். ஆபீஸ் என்றால் அப்படித்தானே. இவள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தாள்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அகராதியின் புதிய பதிப்புக்கு அச்சுப்படி திருத்தும் வேலை, கண்ணைத் திறக்க முடியவில்லை. உன் மாமாவுக்கு இருமல். அம்மா கையில் இருந்த சிராய்ப்பு ஆறிவிட்டதா?

அந்தத் தாளைத் தயவுசெய்து பலகையிலிருந்து எடுத்துவிடு. நான் உனக்காக எழுதியதை ஊருக்காக ஒட்டியிருக்கிறாய். கேட்டுச் செய்திருக்கலாம். டைலரையும் விட்டுவிடு. அவர்தான் எழுதினார் என்பதற்கு உன்னிடம் என்ன இருக்கிறது? பார்த்துக்கொண்டிருந்தார் என்கிறாய். வாசலில் கடை வைத்திருப்பவர் வாசலைப் பார்க்காமல் எங்கே பார்ப்பார்? அவர் மேலே ஏறி வந்தது அம்மாவுக்கு நல்லதுதானே. பகலில் அந்த வீட்டில் அவளோடு பேச வேறு யார் இருக்கிறார்கள்?

அம்மாவை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ளத்தான் நினைக்கிறேன். இந்தப் பதிப்பு முடியட்டும். வீட்டுச் சொந்தக்காரர் பின்னறையைக் காலி செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். உன் மாமாவிடமும் ஒரு வார்த்தை கேட்கவேண்டும்.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மாமாவின் இருமல் நின்றதா?

ஒரு மாசம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, டைலருக்கு வக்காலத்து வாங்க மட்டும் பேனாவை எடுத்திருக்கிறாய். அவரை நீ எத்தனை தடவை பார்த்திருக்கிறாய்? போன தடவை வந்தபோது ரவிக்கை ஒன்றைப் பிரித்துத் தைக்கக் கொடுத்தாய், அவ்வளவுதான் உனக்கும் அவருக்கும் உள்ள பழக்கம். அப்புறம் எதற்கு இந்தப் பரிவு? அவர் உனக்கு எழுதினாரா? உண்மையைச் சொல்.

தாளை எடுக்கமாட்டேன். கடையில் கூட்டம் குறைந்துவிட்டது என்று கேள்வி. குறையட்டும்.

இன்னொன்று. அம்மா கையில் சிராய்ப்பு என்று நான் உனக்கு எழுதவில்லையே. யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். போனில் சொன்னேனா?

பின்னறைக் கதையை நான்கு வருஷமாகக் கேட்கிறேன். முதலில் மாமாவுக்கு மாற்றல் வரும் என்றாய், அப்புறம் உன் முதுகு, இப்போது பதிப்பு. சாக்குப்போக்குச் சொல்லித் தட்டிக் கழிப்பதற்கு உங்கள் அகராதியில் என்ன பொருள் போட்டிருக்கிறீர்கள்?

தம்பி


மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு வேளைக்கு மாத்திரை கொடுக்கிறீர்களா?

சிராய்ப்பு பற்றி நீதான் போனில் சொல்லியிருப்பாய், மறந்திருப்பாய். டைலர் எனக்கு எதுவும் எழுதவில்லை. பாவம் என்று ஒரு வார்த்தை சொன்னால் உடனே கூட்டுச் சதி என்கிறாயா? எதையாவது நினைத்துக்கொண்டு மனிதர்களைக் கரித்துக் கொட்டாதே. உன் வீட்டுக்காரிக்கும் அதே பழக்கம் தொற்றிக்கொள்ளும்.

உன் கோபமெல்லாம் எனக்குப் புரிகிறது. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். டைலரை மறுபடி மேலே வரச் சொல். அவர் வந்து போய்க்கொண்டிருந்தால் அம்மா தனியாக இருக்கமாட்டாள், அந்த வெளிப்பக்கத் தாழ்ப்பாளுக்கும் வேலை இருக்காது. எல்லாருக்கும் நிம்மதி.

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

வெளிப்பக்கத் தாழ்ப்பாள் என்று எழுதியிருக்கிறாய்.

நீ கடைசியாக வந்தபோது அந்தக் கதவில் அப்படி ஒன்று இல்லை. நான் எந்தக் கடிதத்திலும் அதை எழுதவில்லை. போனிலும் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் மாட்டேன். இவள் தன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. டைலருக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் ஏறிவந்ததெல்லாம் அதை மாட்டுவதற்கு முன்னால். அதிகாரிக்குத் தெரியாது. மனு எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும்.

பதில் போடு.

தம்பி


ஏப்ரல் 15

தம்பிக்கு,

உன் கடிதத்தை முதலில் உன் மாமாதான் பிரித்தார். படித்துவிட்டு என் முன்னால் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அதிலிருந்து தினமும் எழுத உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன்.

ஆமாம். மனு போட்டது நான்தான்.

மத்தியானம் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவுக்குப் போன் பண்ணுவேன். உனக்குத் தெரியாது. மணி அடித்த உடனே எடுப்பாள், "எந்த நம்பர் வேணும்?" என்று கேட்பாள். நானும் நம் பழைய வீட்டு நம்பரைச் சொல்வேன். கனெக்‌ஷன் கொடுத்துவிட்டு அவளே பேசுவாள். ஒரு நாள் சொன்னாள்: "வெளியில டக்குன்னு ஒரு சத்தம் கேக்குதுடி. அதுக்கப்புறம் கதவு வரமாட்டேங்குது. நானும் இழுத்து இழுத்துப் பாக்கறேன், கையெல்லாம் தோல் போயிடுச்சு."

அன்றைக்கு அதே போனில், அப்பா வாசலில் குடையோடு நிற்கிறார், உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள் என்றும் சொன்னாள். உன் வீட்டுக்காரி டீயில் சோப்பு கலக்கிறாள் என்றும் சொன்னாள். அதையெல்லாம் நம்பவில்லை, இதை மட்டும் நம்பினேன். அந்த டக் என்ற சத்தத்தை அவளால் கற்பனை செய்ய முடியாது என்று தோன்றியது.

உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ இல்லை என்பாய், நான் நம்பமாட்டேன். ஆமாம் என்றால், அப்படியானால் நீ கூட்டிக்கொண்டு போ என்பாய். அந்த இரண்டாவதுக்குத்தான் எனக்குப் பயம். அதனால் உன் முகத்தைப் பார்த்துக் கேட்காமல் யாரோ மாதிரி மனு எழுதினேன். பிறகு நீயே என்னிடம் வந்து அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டாய். ஆதாரமற்றது என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது உன்மேல் எரிச்சலாக வந்தது.

டைலரிடம் நீ போய் மன்னிப்புக் கேள். இல்லையென்றால் நான் கேட்கிறேன்.

அக்கா


மே 3

அக்காவுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். உன் போனை எதிர்பார்த்துத்தான் மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று இப்போது புரிகிறது.

உன் கடிதத்தை இவளிடம் காட்டவில்லை. காட்டினால் இனி ஜென்மத்துக்கும் உன்னை வாசல்படி ஏற விடமாட்டாள். சொந்த அக்கா. டைலரைத் திட்டிவிட்டு வந்து உனக்குத்தானே அதைப் பெருமையாக எழுதினேன், நீயும் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தாயே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. அதிகாரி வருகிற அன்று காலையில் தாழ்ப்பாளைக் கழற்றி ஓட்டைகளை மெழுகு வைத்து அடைத்தேன். மறுநாள் திரும்ப மாட்டினேன். ஏன் மாட்டினேன் என்று கேள். போன வருஷக் கடைசியில் ஒரு நாள் நான் எட்டாவது மாடியில் லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டிருந்தபோது ஆபீஸுக்குப் போன் வந்ததாக ஆள் வந்து சொன்னான். அம்மா கைப்பையோடு பஸ் வரும் சாலையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள், எக்ஸ்சேஞ்ச் பஸ் வரும் என்று. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. கூட்டி வந்தது அந்த டைலர்தான். அன்று சாயங்காலம்தான் தாழ்ப்பாளை வாங்கினேன்.

டைலரிடம் போனேன். தாளை அவர் முன்னாலேயே கிழித்தேன். தலையை ஆட்டினார், துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இனி நான் விளக்கம் சொல்லப்போவதில்லை. நீ வா. இவளையும் கூட்டிக்கொண்டு நான் மச்சினன் வீட்டுக்குப் போகிறேன், கல்யாணமானதிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை. அம்மாவை நீ பார்த்துக்கொள். பார்த்துவிட்டு எனக்கு எழுது.

தம்பி


மே 22
உன் வீட்டிலிருந்து

அன்புத் தம்பிக்கு,

உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும் என் ஆசிகள். இரண்டு பேரும் நன்றாகத் தூங்குகிறீர்களா? இங்கே அம்மா நலம். நான் நலம் என்று எழுதினால் நீயே நம்பமாட்டாய்.

முதலில், உனக்குச் சொல்லாத இன்னொன்று இருக்கிறது. அந்தத் தாளைப் பலகையில் ஒட்டினேன் என்று நீ எழுதியதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் என்ன தெரியும், சொல்லாமல் போய்ப் பாருங்கள் என்று அலுவலகத்துக்கு இரண்டாவது மனு போட்டேன். ஏப்ரல் கடிதத்தில் அதை எழுதியிருக்கவேண்டும். விட்டுவிட்டேன். பதிலே வராததால் குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்த புதிதில் அம்மாவோடு பேசிச் சிரித்துக்கொண்டு, இதற்கா இவ்வளவு பாடு என்று மனசுக்குள் உன்னைத் திட்டினேன். பிறகு அவள் ராத்திரி தூங்குவதில்லை என்று தெரிந்தது. குளிக்கப் போனால் வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது. சோப்போடு ஓடினேன். கூடவே கடைக்குக் கூட்டிப்போனேன், நடுச்சாலையில் உட்கார்ந்துவிட்டாள். என்னால் தூக்க முடியவில்லை, முதுகு பிடித்துக்கொண்டது. ஹாரன் அடித்தவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டேன்.

நேற்றுக் காலை அம்மாவின் மாத்திரை தீர்ந்துவிட்டது. பாலும் இல்லை. கீழே இறங்கி டைலரிடம், மனு போட்டது நான்தான், என் தம்பி உங்களைத் திட்டியது என்னால்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கேட்ட கையோடு, கொஞ்ச நேரம் மேலே வந்து அம்மாவோடு இருக்கமுடியுமா என்றும் கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. "அம்மா மேல எனக்கு ஒண்ணும் இல்லீங்க. உங்க வீட்டுப் படி ஏறினாத்தான் பயமா இருக்கு. நாளைக்கு இன்னொரு பேப்பர் வரும்" என்றார்.

மேலே வந்தேன். அம்மா கைப்பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். அறைக்குள் உட்கார வைத்தேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். தவறிப்போய், கை தானாகப் போய் என்றெல்லாம் பூசி மெழுகமாட்டேன். யோசித்துத்தான் போட்டேன். அந்த டக் என்ற சத்தம் எனக்கும் கேட்டது.

மருந்துக்கடையில் கூட்டம். திரும்பி வந்தபோது மாடிப்படி முழுக்க அம்மாவின் குரல். அறை வாசலில், உங்கள் பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த அதிகாரி அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவசரத்தில் வாசல் கதவைச் சாத்தாமலேயே போயிருக்கிறேன். தாழ்ப்பாளைத் திறந்துவிட்டிருந்தாள். அம்மா உள்ளே கட்டிலில் இருந்து நம்பர் கேட்க, அவள் ஏதோ வாய்க்கு வந்த நம்பர்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நீங்க யாரு?"

"பொண்ணு."

"சொல்லாம வந்து பாக்கச் சொல்லி மனு வந்திருக்கு. யார் போட்டதுன்னு தெரியுமா?"

"நான்தான்."

"இந்தக் கதவை?"

"அதுவும் நான்தான்."

அவள் என் கையில் இருந்த பால் பாக்கெட்டைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவள் முன்னாலேயே அழுதேன். அம்மாவைக் கொண்டுபோகாதீர்கள், தெரியாத இடத்தில் போன் இல்லாமல் செத்துப்போவாள் என்று கெஞ்சினேன். ஆதாரமற்றது என்று இன்னொரு தடவை எழுதிவிடுங்கள் என்றுகூடக் கேட்டேன், தம்பி. இத்தனை வருஷம் சொல்லுக்குப் பொருள் பார்த்துவிட்டு நானா அப்படிக் கேட்டேன் என்று இப்போதும் கூசுகிறது. அவள் முடியாது என்றாள். பார்த்ததைத்தான் எழுதுவேன் என்றாள். பகல் முழுக்கப் பெரியவர் ஒருவர் வீட்டில் இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் அம்மா இங்கேயே இருக்கலாம். இனியும் சொல்லாமல்தான் வருவார்கள். ஒரு தடவை கதவு வெளியிலிருந்து சாத்தியிருந்தாலும் அன்றைக்கே காப்பகம்.

கையெழுத்துப் போட்டேன். என் பெயரில். உன் மாமாவுக்குப் போன் பண்ணினேன். நல்லதாக ஒரு வார்த்தையும் பேசவில்லை, ஆனால் துணிமணி அனுப்புகிறேன் என்றார். பதிப்பு வேலையை வேறு யாராவது பார்க்கட்டும்.

தாழ்ப்பாளைக் கழற்றச் சொல்லிவிட்டு அவள் போனாள். நான் கத்தியை வைத்துத் திருகிக்கொண்டிருந்தேன். டைலர் மேலே வந்து, தையல் மெஷினுக்கு வைத்திருக்கும் சின்னத் திருப்புளியால் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். படி இறங்குகிறவரிடம் எந்த நம்பர் வேண்டும் என்று அம்மா கேட்டாள்.

இப்போது அம்மா தூங்குகிறாள். அவள் அறை வாசலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கதவைத் திறந்தால் என்னை இடித்துக்கொண்டுதான் போகமுடியும். இதைத் தபாலில் போடக்கூட நான் கீழே இறங்க முடியாது, யாராவது படி இறங்கினால் கொடுத்தனுப்பவேண்டும்.

நீ வந்துவிடு. நீ வந்தால் நான் போய்விடுவேன் என்று நினைக்காதே, நான் எங்கேயும் போகவில்லை. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் கடைக்குப் போய்வரலாம், அதற்காகத்தான் கூப்பிடுகிறேன்.

உன்
அக்கா